களை மண்டின பிளாட்ல ராஸ்பெர்ரி: மொத வருஷம் செடிய வாங்காதீங்க

இங்க இங்கிலாந்துல அலாட்மென்ட்டுக்கு, அதாவது காய்கறி வளக்க வாடகைக்குக் குடுக்குற துண்டு நெலத்துக்கு (அந்தத் துண்டத்தான் பிளாட்னு சொல்வாங்க), பேர் எழுதி வெச்சுட்டு வருஷக்கணக்கா காத்திருந்து, ஒரு நாள் சாவி கைக்கு வந்து கேட்டத் தொறந்து உள்ள போய்ப் பாத்தா, நாம மனசுல போட்டு வெச்சிருந்த தோட்டம் அங்க இருக்காது. இடுப்பளவு புல்லு, அதுமேல வெள்ளப்பூ பூத்துக்கிட்டு சுத்துன கொடி, ஒரு மூலையில முள்ளு, இன்னொரு மூலையில முன்னாடி இருந்தவங்க விட்டுட்டுப் போன ஒடஞ்ச கண்ணாடி, மக்கிப்போன பலகை. முழு பிளாட்னா இங்கத்த பழைய அளவுல 10 ராட், அதாவது சுமாரா 250 சதுர மீட்டர், நம்ம கணக்குல ஆறு சென்ட்டுக்கு கொஞ்சம் மேல. எனக்குக் கெடச்சது அதுல பாதி. ஹாரோ பக்கம், லண்டன் களிமண்ணு, மழைக்கு ஒட்டும், வெயிலுக்கு வெடிக்கும்.

நான் செஞ்ச தப்ப மொதல்ல சொல்லிடறேன், ஏன்னா புதுசா பிளாட் எடுக்குறவங்க நெறைய பேரு இதையேதான் செய்யறாங்க. மார்ச் மாசம் ஆசையா ஆறு ராஸ்பெர்ரி குச்சி வாங்கிட்டு வந்து, ஒரு சனி ஞாயிறு முழுக்க ஒரு வரிசைய கொத்தி, மேல பச்சையா ஒண்ணும் தெரியாத அளவுக்கு சுத்தம் பண்ணி நட்டுட்டேன். பாக்க அவ்ளோ அழகா இருந்துச்சு. மே மாசக் கடைசியில ராஸ்பெர்ரி ஒரு அடி வந்துச்சு, கூடவே அந்த வெள்ளப்பூ கொடி, பைண்ட்வீட்னு பேரு, அதுவும் வந்துச்சு. ஜூலையில எது செடி எது கொடின்னே தெரியல, கொடிய இழுத்தா செடியும் சேந்து வளையுது, செடிக்கு அடியில புல்லோட வேரு பின்னிக்கிடக்கு, ஃபோர்க் (நீளமான பல்லு வெச்ச தோட்டக் கருவி) போட்டுக் கெளறலாம்னா ராஸ்பெர்ரி வேரே மேலாப்புலதான் ஓடுது, அதுவும் அறுபடுது. ரெண்டு வருஷம் போராடிட்டு எல்லாத்தையும் தோண்டி எடுத்துட்டு மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிச்சேன்.

அதனால இந்தக் கட்டுரையில மத்த எதை மறந்தாலும் இத மட்டும் மறக்காதீங்க. ராஸ்பெர்ரி ஒரு தடவ நட்டா அதே எடத்துல பத்து வருஷம், நல்லா பாத்துக்கிட்டா அதுக்கு மேலயும் நிக்கும். நட்டதுக்கப்புறம் அந்த மண்ண ஆழமா தோண்டவே முடியாது. களைய ஒழிக்க உங்களுக்குக் கெடைக்கிற ஒரே காலம் நடுறதுக்கு முன்னாடி இருக்குற அந்த ஒரு வருஷந்தான். பிளாட் கைக்கு வந்த வசந்தத்துல களை வேலைய ஆரம்பிங்க, செடிய அடுத்த நவம்பர்ல வாங்குங்க. கசப்பா இருக்கும், ஆனா அந்த வருஷம் வீணாப் போறதில்ல, அதுல என்ன போடலாம்னும் கீழ சொல்றேன்.

மொதல் வேல: எந்தக் களைன்னு பாருங்க

எல்லாக் களையும் ஒண்ணு இல்ல. வெதையில இருந்து வந்து ஒரே வருஷத்துல செத்துப்போற சிக்வீட், கிரவுண்ட்செல், ஃபேட் ஹென் மாதிரி ஆளுங்களப் பத்திக் கவலைப்படாதீங்க (இந்த ஃபேட் ஹென் வேற எதுவும் இல்ல, வடக்க பத்துவான்னு சமைக்கிறாங்களே அந்தக் கீரைதான்). பூத்து வெத போடறதுக்கு முன்னாடி புடுங்கிட்டா முடிஞ்சுது. நம்மள அழ வைக்கிறது மண்ணுக்குள்ள வேரா, கிழங்கா வருஷம் முழுக்க உயிரோட கெடக்குற கூட்டம்.

அதுல பைண்ட்வீட்தான் தலைவர். சர்க்கரவள்ளிக் குடும்பம், அதனாலதான் பூவு பாக்க அதே மாதிரி. மண்ணக் கிண்டுனா வெள்ளையா, தடிப்பா, வேக வெச்ச நூடுல்ஸ் மாதிரி வேரு கெடக்கும், தொட்ட ஒடனே பட்டுன்னு ஒடையும், ஒடஞ்ச ஒவ்வொரு துண்டும் ஒரு புதுச் செடி. ஆழமாவும் போகும், ஒரு மீட்டருக்குக் கீழயும் இருக்கும், முழுசா எடுக்க முடியாது, பலவீனமாக்கத்தான் முடியும்.

அடுத்தது கவுச் கிராஸ். நம்ம வயல்ல கோரைய எடுத்தவங்களுக்கு இதோட குணம் சட்டுன்னு புரியும். ஆனா இதுல ஒரு நல்ல விஷயம், இதோட தண்டு மேல இருக்குற அரையடி மண்ணுக்குள்ளதான் ஓடும். முனை ஊசி மாதிரி கூரா இருக்கும், உருளைக்கிழங்கையே குத்திக்கிட்டு அந்தப் பக்கம் வந்துருக்கும், நானே பாத்திருக்கேன். பொறுமையா ஃபோர்க் போட்டு எடுத்தா இத ஜெயிச்சுடலாம்.

ஹார்ஸ்டெயில் இருந்தா, பச்சையா பாட்டில் கழுவற பிரஷ் மாதிரி நிக்கும், டைனோசருக்கு முன்னாடியே இருந்த வம்சம், வேரு ரெண்டு மீட்டர் வரைக்கும் போகும். அதத் தோண்டி எடுக்குறேன்னு எறங்காதீங்க. தலை காட்டும்போதெல்லாம் கிள்ளிக்கிட்டே இருங்க. உண்மையச் சொன்னா ஹார்ஸ்டெயிலோட ராஸ்பெர்ரி சேந்து வாழ்ந்துடும், அது மெலிசான செடி, நெழல் போட்டு அமுக்காது. பைண்ட்வீட்தான் கழுத்த நெரிக்கும்.

காஞ்சொறி மாதிரி அரிக்கிற நெட்டில் அடர்த்தியா நின்னா சந்தோஷப்படுங்க, மண்ணுல சத்து இருக்குன்னு அர்த்தம், மஞ்ச வேரு பாய் மாதிரி கழண்டு வரும், கையில கிளவுஸ் போட்டுக்கங்க. தரையோட படர்ற மஞ்சப்பூ பட்டர்கப் நெறைய இருந்தா மட்டும் கொஞ்சம் யோசிங்க, அந்த எடத்துல தண்ணி நிக்கும், ராஸ்பெர்ரிக்குத் தண்ணி நின்னா ஆகவே ஆகாது, வேரு அழுகிடும்.

எடம் எது

ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டி தண்ணி ஊத்திட்டுப் போங்க. மறுநாள் போய்ப் பாக்கும்போது இன்னும் தண்ணி நின்னுச்சுன்னா அங்க நேரா நடாதீங்க, மண்ணையும் கம்போஸ்ட்டையும் ஏத்தி முக்கால் அடி ஒசரத்துக்கு மேடு கட்டி அதுமேல நடுங்க. எங்க களிமண்ணுல நான் அப்படித்தான் செஞ்சேன். வெயில் நல்லா படணும், அரை நாள் நெழல்னாலும் காய்க்கும், ஆனா பழம் கொறையும், இனிப்பும் கொறையும். காத்து பலமா அடிக்கிற எடம்னா கேனு, அதாவது ராஸ்பெர்ரியோட நெட்டத் தண்டு, ஒடியும்.

மண்ணு லேசா புளிப்பா இருக்கணும், பிஹெச் 6ல இருந்து 6.5 வரைக்கும் நல்லது. சில்டர்ன்ஸ் மாதிரி சுண்ணாம்பு மண்ணு இருக்குற ஊர்ல எலையில நரம்பு மட்டும் பச்சையா, நடுவுல மஞ்சளா மாறும், இரும்புச்சத்து ஏறாததால வர்றது. அங்க இருக்குறவங்க பெரிய தொட்டியில நடுறதப் பத்தி யோசிக்கலாம்.

இன்னொண்ணு, போன வருஷம் உருளைக்கிழங்கோ தக்காளியோ போட்ட எடத்துல நடாதீங்க. வெர்ட்டிசிலியம்னு ஒரு பூஞ்சை வாடல் நோய் அதுல இருந்து இதுக்குத் தொத்தும். புது பிளாட் எடுத்தா எல்லாரும் "மண்ணு சுத்தமாகணும்னா உருளைக்கிழங்கு போடு"ன்னு சொல்வாங்க, சரியான யோசனைதான், ஆனா ராஸ்பெர்ரி வரப்போற வரிசையில மட்டும் வேண்டாம்.

அந்த ஒரு வருஷம்

மொத்த பிளாட்டையும் சுத்தம் பண்ணணும்னு நெனைக்காதீங்க, அங்கதான் முக்காவாசி பேரு இடுப்பு போயி பிளாட்டத் திருப்பிக் குடுத்துடறாங்க. ராஸ்பெர்ரிக்கு ஒரு வரிசை போதும். ஆறு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், அவ்ளோதான். அத மட்டும் உயிரக் குடுத்து சுத்தம் பண்ணுங்க. மீதி எடத்த எல்லாம் புல்ல வெட்டிட்டு தடிமனான கறுப்பு ஷீட்டப் போட்டு மூடி, ஓரத்துல கல்லு வெச்சுடுங்க, அது அங்க தன்னால செத்துக்கிட்டு கெடக்கட்டும். சில அலாட்மென்ட் சைட்ல இவ்ளோதான் மூடலாம்னு விதி இருக்கும், செக்ரட்டரிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கங்க. பழைய கார்ப்பெட்ட யாராவது குடுத்தா வாங்காதீங்க, அதுல இருக்குற சாயமும் ரசாயனமும் மண்ணுல எறங்கும், நெறைய சைட்ல தடையே போட்டுருக்காங்க.

ரோட்டவேட்டர் வாடகைக்கு எடுத்து ஒரே நாள்ல உழுதுடலாம்னு தோணும். தயவு செஞ்சு வேண்டாம். பைண்ட்வீட் வேர நூறு துண்டா வெட்டி வரிசை முழுக்க நட்டுட்டு வர்றதுக்குச் சமம் அது.

மண்வெட்டியும் ஸ்பேடும் கூட வெட்டத்தான் செய்யும், அதனால ஃபோர்க்தான். மழை பேஞ்சு ரெண்டு நாள் கழிச்சு, மண்ணு ஈரமா ஆனா பூட்ஸ்ல ஒட்டாம இருக்கும்போது போங்க. ஃபோர்க்க முழுசா எறக்கி, பின்னாடி சாச்சு, கட்டியத் தூக்கி, அப்படியே ஒதறி, கையால ஒடச்சு, வெள்ளையா தெரியுற ஒவ்வொண்ணையும் பொறுக்கி பக்கெட்டுல போடுங்க. வேரப் புடிச்சு வெடுக்குன்னு இழுக்காதீங்க, அது எங்க போகுதுன்னு விரலால மண்ணத் தள்ளிக்கிட்டே பின்னாடி போங்க, முனை வரைக்கும் வரும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு மீட்டர்தான் முடியும், அது போதும். நீங்க வேல செய்யும்போது ராபின் குருவி ஒண்ணு வந்து ஒரு அடி தூரத்துல நிக்கும், கெளறுன மண்ணுல புழு பொறுக்கும், ஃபோர்க்க ஊனி வெச்சுட்டு டீ குடிக்கப் போனா கைப்புடி மேல ஏறி ஒக்காந்துக்கும். எனக்கு அந்த முதல் வருஷத்துல தொணையா இருந்ததே அதுதான்.

ஒரு தடவ முடிச்சதும் மூணு வாரம் சும்மா விடுங்க. விட்டுப்போன துண்டெல்லாம் தலை நீட்டும். அப்போ அது எங்க இருக்குன்னு தெளிவா தெரியும், போய் எடுங்க. மறுபடி மூணு வாரம். ஏப்ரல்ல ஆரம்பிச்சு ஜூன் வரைக்கும் நான் நாலு தடவ செஞ்சேன். மொத தடவ மூணு பக்கெட் வேரு, ரெண்டாவது தடவ ஒண்ணு, கடைசியில ஒரு கைப்பிடி.

அப்புறம் ஜூன்ல அந்த வரிசையையும் கறுப்பு ஷீட்டால மூடி, அங்கங்க குறுக்கும் நெடுக்குமா கீறி, ஓட்டையில பரங்கிக் கன்ன நட்டுடுங்க. பரங்கி பெரிய எலை போட்டு படரும், ஷீட்டுக்கு அடியில வெளிச்சம் இல்லாம மிச்சக் களை வாடும், அக்டோபர்ல காயும் கெடைக்கும், அந்த வருஷம் எங்க வீட்டுல பரங்கிக்காய் சாம்பாரும் கூட்டுமா ஓடுச்சு. காய அறுத்துட்டு ஷீட்டத் தூக்கிப் பாருங்க. மண்ணுக்குள்ள ஆழமா இருந்த பைண்ட்வீட், வெளிச்சத்தத் தேடி மேல வந்து, ஷீட்டுக்கும் மண்ணுக்கும் நடுவுல வெள்ளையா சுருள் சுருளா படுத்திருக்கும். ஃபோர்க்கே வேண்டாம், நூல் சுத்துற மாதிரி கையால சுத்தி எடுத்துடலாம். மூணு மாசம் தோண்டுனா கெடைக்காத வேரு அந்த ஒரு சாயங்காலத்துல கெடச்சுது.

இந்த வேரையெல்லாம் கம்போஸ்ட் குவியல்ல போட்டுடாதீங்க, அங்க சந்தோஷமா வளரும். மூடி போட்ட பக்கெட்டுல தண்ணி ஊத்தி ஒன்றரை மாசம் ஊற விடுங்க, நாத்தம் தாங்காது, ஆனா கூழா போயிடும், அப்புறம் கொட்டலாம்.

மருந்து அடிக்கலாமான்னு கேப்பீங்க. கிளைஃபோசேட்ங்கற களைக்கொல்லி வேரு வரைக்கும் போயி வேல செய்யும், நடுறதுக்கு முன்னாடி கோடையில அடிக்கிறவங்க இருக்காங்க, நான் அடிக்கல. எது எப்படியோ, ராஸ்பெர்ரி நட்டதுக்கப்புறம் அந்தப் பக்கமே கொண்டு வராதீங்க. வரிசைக்கு வெளிய தலை காட்டுற ஒரு சின்ன கன்னு மேல பட்டாக்கூட வேரு வழியா தாய்ச்செடிக்குப் போயிடும்.

எந்த ரகம்

ராஸ்பெர்ரிய புரிஞ்சுக்க நமக்கு ஒரு சுலபமான வழி இருக்கு, வாழைய நெனச்சுக்கங்க. வாழை ஒரு தடவதான் தாரு போடும், தாரு வெட்டுனதும் மரத்தச் சாச்சுடுவோம், பக்கத்துல கன்னு வந்துட்டு இருக்கும். ராஸ்பெர்ரியும் அப்படித்தான், கீழ வேரு வருஷக்கணக்கா இருக்கும், மேல வர்ற கேனு காய்ச்சு முடிச்சா அதோட கதை முடிஞ்சுது, வெட்டிடணும், பக்கத்துல புதுசு வரும்.

இதுல ரெண்டு வகை. சம்மர் ராஸ்பெர்ரியில இந்த வருஷம் வர்ற கேனு அடுத்த வருஷம் ஜூன் ஜூலையில காய்க்கும். அதனால எப்பவும் காய்ச்ச கேனும் காய்க்கப்போற கேனும் கலந்து நிக்கும், எத வெட்டணும் எத விடணும்னு பாத்து பாத்துச் செய்யணும், கம்பம் நட்டு ஒயர் இழுத்துக் கட்டணும். ஆட்டம் (autumn, எலையுதிர் காலம்) ராஸ்பெர்ரியில இந்த வருஷம் வர்ற கேனு இந்த வருஷமே ஆகஸ்ட்ல ஆரம்பிச்சு பனி கொட்டுற வரைக்கும் காய்க்கும்.

களை பிளாட்ல புதுசா வர்றவங்களுக்கு ஆட்டம் வகைதான். வெட்டுறது சுலபம்ங்கறது ஒரு காரணம், பிப்ரவரியில எல்லாத்தையும் தரையோட வெட்டிடலாம், யோசிக்கவே வேண்டாம். அதவிட முக்கியமான காரணம், அப்படி வெட்டுனதும் வரிசை மொத்தமும் மொட்டையா தொறந்து கெடக்கும், மண்டி போட்டு ஒவ்வொரு அங்குலமாப் பாத்து களை எடுக்கலாம். வருஷத்துக்கு ஒரு தடவ அந்த வாய்ப்பு சம்மர் வகையில கெடைக்காது.

ரகத்துல ஆட்டம் பிளிஸ் நம்பி வாங்கலாம், கென்ட்ல இருக்குற ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையத்துல உருவானது, ரொம்ப நாளா இருக்கு, பெருசா அலட்டிக்காது. போலந்துல இருந்து வந்த போல்காவுக்குப் பழம் பெருசு. மஞ்சப் பழம் வேணும்னா ஆல் கோல்ட், பறவைங்க அது பழுத்துடுச்சுன்னு சீக்கிரம் கண்டுபுடிக்கிறதில்லன்னு சொல்றாங்க, எங்க பிளாட்ல அது உண்மையாத்தான் இருக்கு. சம்மர் வகைதான் வேணும்னு மனசுல இருந்தா ஸ்காட்லாந்துல டண்டீ பக்கம் உருவாக்குன கிளென் ஆம்ப்பிள் பாருங்க, முள்ளே கெடையாது, சின்னப் புள்ளைங்க கூட பறிக்கலாம்.

பக்கத்து பிளாட்காரங்க பிரியமா "எங்ககிட்ட நெறைய கன்னு இருக்கு, எடுத்துக்கோ"ன்னு குடுப்பாங்க. நன்றி சொல்லிட்டு ரூபார்ப் கெழங்கு வேணும்னா வாங்கிக்கங்க. பழைய ராஸ்பெர்ரியில அசுவினி பரப்புன வைரஸ் இருந்தா பல நேரம் வெளிய தெரியாது, ஆனா வருஷத்துக்கு வருஷம் பழம் கொறையும். அதுக்கு மேல அந்த வேர் உருண்டைக்குள்ள அவங்க பைண்ட்வீட்டும் சேந்து வரும். ஒரு வருஷம் கஷ்டப்பட்டு சுத்தம் பண்ண மண்ணுல அத நீங்களே கொண்டு வந்து வெக்கக் கூடாது. நோயில்லன்னு சான்று வாங்குன செடிய நர்சரியில வாங்குங்க.

நடுறது

நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் மண்ணில்லாத வெறும் வேரோட கட்டு கட்டா விக்கும், வெலையும் கம்மி. கட்டு வந்ததும் தண்ணியில ஒரு மணி நேரம் வேர முக்கி வைங்க. மண்ணு பனியில ஒறஞ்சிருந்தாலோ சேறா இருந்தாலோ ரெண்டு வாரம் பொறுங்க, அது வரைக்கும் ஒரு வாளி மண்ணுல வேர மூடி வெச்சா ஒண்ணும் ஆகாது.

நடுறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே வரிசையில மக்குன எருவோ கம்போஸ்ட்டோ கலந்துடுங்க. எருவுல ஒரு எச்சரிக்கை. மேய்ச்சல் நெலத்துல களைக்கு அடிக்கிற அமினோபைரலிட்ங்கற மருந்து, குதிரையோ மாடோ புல்லத் தின்னு சாணி போட்டு அது மக்குன பெறகும் எருவுல அப்படியே இருக்கும். அந்த எருவப் போட்டா தக்காளியும் பீன்ஸும் எலை சுருண்டு கிண்ணம் மாதிரி மடங்கும், ராஸ்பெர்ரிக்கும் ஆகாது. புதுசா ஒரு எடத்துல எரு வாங்குனா மொதல்ல ஒரு தொட்டியில மண்ணோட கலந்து பிராட் பீன்ஸ் நாலு போட்டுப் பாருங்க, எலை நேரா வந்துச்சுன்னா தைரியமா கொட்டுங்க. காளான் வளத்து மிச்சமான கம்போஸ்ட் மலிவா கெடைக்கும், அதுல சுண்ணாம்பு இருக்கும், இதுக்கு வேண்டாம்.

கேனுக்குக் கேனு ஒன்றரை அடி விடுங்க. ரெண்டு வரிசை போடறதா இருந்தா நடுவுல ஆறு அடி. குழிய அகலமா எடுங்க, ஆழமா எடுக்காதீங்க, இதுலதான் தப்பு நடக்குது. வேரு மேல ரெண்டு மூணு அங்குலம் மண்ணு இருந்தா போதும், நர்சரியில எந்த அளவுக்கு மண்ணுக்குள்ள இருந்துச்சுன்னு தண்டுல ஒரு கறை தெரியும், அந்தக் கறை மட்டத்துக்கு நடுங்க. ஆழமா நட்டா புது முளை மேல வராமலே அழுகிடும். வேர நாலாப் பக்கமும் விசிறி மாதிரி பரப்பி, அடியில உத்துப் பாருங்க, வெளிர் ரோஸ் நெறத்துல சின்னதா மொட்டு இருக்கும், அடுத்த வருஷக் கேனு அதுதான், கை பட்டு ஒடஞ்சுடாம பாத்துக்கங்க. மண்ணத் தள்ளி, பூட்ஸால மெதுவா மிதிச்சு, தண்ணி ஊத்தி, மேல நிக்கிற குச்சிய ஒரு அடி விட்டு வெட்டிடுங்க. செத்த குச்சி மாதிரிதான் இருக்கும், ஏப்ரல் வரைக்கும் அப்படியேதான் இருக்கும், பயப்படாதீங்க.

ஒடனே மூடாக்கு போடுங்க. டேப்பெல்லாம் உரிச்ச அட்டப்பெட்டிய ஒண்ணுமேல ஒண்ணு அரையடி ஏற மாதிரி பரப்பி நனைச்சு, அதுமேல மூணு நாலு அங்குலம் கம்போஸ்ட்டோ மக்குன மரத்தூளோ போடுங்க. கேனச் சுத்தி ஒரு கை அகலம் காலியா விடணும், தண்ட ஒட்டி ஈரம் நிக்கக் கூடாது. புது முளை அட்டைக்கு அடியில மாட்டிக்காம இருக்க நான் வரிசையோட நடுவுல ஒரு அடி அகலத்துக்கு வெறும் கம்போஸ்ட் மட்டுந்தான் போடுவேன், அட்டை ரெண்டு பக்கமும்.

நட்டதுக்கப்புறம்

இனிமே ஃபோர்க் இந்த வரிசைக்குள்ள வரக்கூடாது. ஹோ (களைக்கொத்து) வேணும்னா மேல் தோல சீவுற மாதிரி, அரை அங்குலத்துக்கு மேல எறங்காம. மத்தது கையால. வாரத்துக்கு பத்து நிமிஷம் ஒதுக்குனா போதும், ஆனா அந்தப் பத்து நிமிஷம் ஏப்ரல்ல இருந்து ஜூலை வரைக்கும் தவறக் கூடாது, பைண்ட்வீட் மூணு வாரத்துல கேனோட உச்சிக்கு ஏறிடும்.

எவ்ளோ சுத்தம் பண்ணாலும் ஒண்ணு ரெண்டு வரும், மனசு விட்டுடாதீங்க. ஒல்லியா தலை காட்டும்போதே மண்ணுக்குள்ள ரெண்டு விரல விட்டு எவ்ளோ கீழ முடியுமோ அங்க கிள்ளுங்க. எலை போட்டு சத்து சேக்க விடாம மாசத்துக்கு மூணு தடவ கிள்ளுனா ரெண்டு வருஷத்துல வேரு பட்டினியில நல்லா நலிஞ்சுடும். பக்கத்து பிளாட்ல இருந்து வர்றதுக்கு, ஓரத்துல ஒரு ஸ்பேட் ஆழத்துக்கு நேரா ஒரு கோடு வெட்டி வெச்சு, மாசம் ஒரு தடவ அந்தக் கோட்டுலயே மறுபடி வெட்டுங்க, எல்ல தாண்டுன வேரெல்லாம் அங்கயே அறுபடும்.

ராஸ்பெர்ரியும் லேசுப்பட்டதில்ல. மூணாவது வருஷத்துல இருந்து நாலடி தள்ளியெல்லாம் கன்னு போடும், பாதையில வரும், வெங்காயப் பாத்தியில வரும். அதயும் களையா நெனச்சு சின்னதா இருக்கும்போதே இழுத்துடுங்க. வரிசை ஒன்றரை அடி அகலத்தத் தாண்ட விடாதீங்க, உள்ள காத்து போகலன்னா பூஞ்சை வரும்.

ஆட்டம் வகைக்குக் கம்பம் பெருசா வேண்டாம். ரெண்டு முனையில ஒவ்வொரு மரக்கட்டை, இடுப்பு ஒசரத்துல ரெண்டு பக்கமும் கயிறு, நடுவுல கேனு நிக்கும், அவ்ளோதான். தண்ணி, பூ வந்ததுல இருந்து பழம் முடியுற வரைக்கும் மழை இல்லாத வாரத்துல ரெண்டு தடவ அடியில நல்லா ஊத்தணும், எலை மேல தெளிக்க வேண்டாம். மார்ச்ல ஒரு கைப்பிடி பொது ஒரம், அதுமேல புது மூடாக்கு. மொத கோடையில பழம் கொஞ்சந்தான் வரும், வேரு புடிக்கட்டும்.

பழம்

பழுத்த ராஸ்பெர்ரிய நீங்க பறிக்க வேண்டாம், அதுவே வரும். மூணு விரலால புடிச்சு லேசா அசச்சா, வெள்ளக் கூம்பு காம்புலயே நின்னுடும், பழம் மட்டும் குழியா கையில உக்காரும். இழுக்க வேண்டியிருந்தா அது இன்னும் பழுக்கல, விட்டுடுங்க, பறிச்சப்புறம் இது பழுக்காது. எங்க பொண்ணு பத்து விரல்லயும் தொப்பி மாதிரி மாட்டிக்கிட்டு ஒவ்வொண்ணா சாப்பிடுவா, வீட்டுக்கு வர்ற டப்பாவுல பாதிதான் இருக்கும். காலையில பனி காஞ்சப்புறம் பறிங்க, ஈரத்துல பறிச்சா சாயங்காலமே பூசணம் புடிக்கும். கழுவாம ஃப்ரிட்ஜ்ல வெச்சா ரெண்டு நாள் தாங்கும். நெறைய வந்தா தட்டுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம பரப்பி ஃப்ரீஸ் பண்ணிட்டு அப்புறம் பையில போடுங்க. மாமியார் வந்திருந்தப்போ மாங்கா பச்சடி பக்குவத்துலயே வெல்லம் போட்டு ராஸ்பெர்ரி பச்சடி பண்ணாங்க, அந்தப் புளிப்புக்கு அப்படி ஒரு பொருத்தம்.

கறுப்புக் குருவி கொத்தும், மெல்லிசா வலை போடலாம், ஆனா தொய்வா போடாதீங்க, பறவை காலு மாட்டிக்கும். பழத்துக்குள்ள சின்னப் புழு இருந்தா ராஸ்பெர்ரி வண்டோட வேல, அது பெரும்பாலும் சம்மர் வகையத்தான் புடிக்கும். 2012ல கென்ட்ல மொதல்ல கண்டுபுடிச்ச ஸ்பாட்டட் விங் டிரோசோஃபிலான்னு ஒரு ஈ இருக்கு, மத்த பழ ஈ மாதிரி அழுகுனதுல இல்லாம நல்ல பழத்துலயே முட்ட போடும், ஆகஸ்ட் செப்டம்பர்ல அதிகம். ரெண்டு நாளைக்கு ஒரு தடவ பழுத்தது எல்லாத்தையும் பறிச்சுடுங்க, கீழ விழுந்தத விடாம பொறுக்கி பையில கட்டி வெளிய போட்டுடுங்க, அதுதான் வழி.

அக்டோபர் கடைசியில பனி அடிச்சதும் எலை கொட்டும். கேன அப்பவே வெட்டாதீங்க, பிப்ரவரி வரைக்கும் நிக்கட்டும். பிப்ரவரியில ஒரு காஞ்ச நாள் பாத்து கத்திரியக் கூர் பண்ணிக்கிட்டு போயி, எல்லாத்தையும் தரையில இருந்து ஒரு அங்குலம் விட்டு வெட்டி அள்ளுங்க. அப்புறம் ஒரு கோணிய மடிச்சு முட்டிக்கு அடியில போட்டுக்கிட்டு வரிசையோட ஒரு முனையில உக்காந்து நகந்துக்கிட்டே வாங்க. போன பிப்ரவரியில நான் ஆறு மீட்டரும் தேடுனேன், பைண்ட்வீட் வேரு ரெண்டு துண்டு கெடச்சுது, சுண்டுவிரல் நீளம். பக்கத்துலயே புது முளை செகப்பா மண்ண முட்டிக்கிட்டு நின்னுச்சு.